எல்லாப் பாட்டுக்கும் ஒரே ஹெட்ஃபோன் போதுமா?

எந்த ஹெட்ஃபோன் வாங்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு மாடலின் பெயரை. இரவில் வீட்டில் இரண்டு மூன்று மணி நேரம் கேட்கிறீர்கள். கர்நாடகக் கச்சேரி, பழைய திரைப்பாட்டு, சிம்பொனி, எலெக்ட்ரானிக், நடுவில் கொஞ்சம் மெட்டல். கண்ணாடி அணிபவர். கையில் இருப்பது லேப்டாப்பும் போனும். நடுத்தர விலைக்கு மேல் போக மனமில்லை. ஆனால் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தால் உங்களை உறுத்துவது வேறொன்று என்று தெரிகிறது: “இது எலெக்ட்ரானிக்குக்கு நல்லது, அது வாய்ப்பாட்டுக்கு நல்லது என்கிறார்கள், அப்படியானால் ஒன்றை வாங்கிவிட்டு இன்னொன்றைக் கைகழுவ வேண்டுமா?” வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைத்தான் விளக்கமாகச் சொல்லப்போகிறேன். மாடல் பெயர்களும் வரும், ஆனால் அவை இரண்டாம் பட்சம். நான் பதினெட்டு வருடமாக ஒலிப்பதிவுக் கூடங்களில் மிக்ஸிங் செய்பவன். ஹெட்ஃபோன் எனக்குப் பொழுதுபோக்குச் சாமான் இல்லை, கொத்தனாருக்கு ரசமட்டம் மாதிரி.

ஒரு ஹெட்ஃபோனுக்குத் தன் வழியாகப் போவது ராகமா ராக்கா என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உரக்கச் சொல்வது என்பதுதான். அதிர்வெண்ணை ஹெர்ட்ஸில் அளப்பார்கள்; எண் குறைந்தால் கனத்த ஒலி, கூடினால் கீச்சொலி. “இது மெட்டலுக்கு ஏற்றது” என்று ஒருவர் சொன்னால், அது ஏதோ ஒரு பகுதியைத் தூக்கியோ அமுக்கியோ கொடுக்கிறது, அந்தத் தூக்கல் மெட்டலில் அவருக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் பொருள். அதே தூக்கல் அடுத்த பாட்டில் வேறு எதன் மேலாவது போய் உட்காரும். 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை ஊதிப்போன ஹெட்ஃபோனில் எலெக்ட்ரானிக் கேட்க மெத்தென்று சுகமாக இருக்கும். அதிலேயே கச்சேரி போட்டால் மிருதங்கத்தின் தொப்பி அண்டாவுக்குள் தட்டியதுபோல் வரும், ஆண் குரல் ஜலதோஷம் பிடித்ததுபோல் ஆகிவிடும். 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கினால் டிரம்ஸ் சிம்பல் மின்னும், முதல் ஐந்து நிமிடத்தில் “ஆகா, என்ன தெளிவு!” என்று தோன்றும். பிறகு ஒரு பழைய திரைப்பாட்டுக்கு வாருங்கள். டேப் இரைச்சல் முன்னால் வந்து நிற்கும், பாடகி ‘ஸ’ சொல்லும் இடமெல்லாம் ஊசி குத்தும். ஆகப் பலவகை இசை கேட்பவருக்கு எல்லா வகையிலும் சிறப்பான ஹெட்ஃபோன் என்ற ஒன்று தேவையே இல்லை. தனக்கென்று பெரிய அபிப்பிராயம் இல்லாத, அடக்கமான ஒன்றுதான் தேவை. கடையில் முதல் நிமிடத்தில் அசத்துவது பெரும்பாலும் அதுவாக இருக்காது.

அடக்கம் என்றதும் எல்லா அதிர்வெண்ணும் ஒரே மட்டத்தில், கோடு போட்டதுபோல் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அறையில் ஸ்பீக்கரில் கேட்கும்போது நம் காதுமடலும் காதுக்குழாயும் சேர்ந்து 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை இயல்பாகவே பெருக்கிக் கொடுக்கின்றன. மூளை பிறந்ததிலிருந்து அதற்குப் பழகியிருக்கிறது. காதை ஒட்டி வைக்கும் கருவி அந்த மேட்டைத் தானே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் குரல் திரைக்குப் பின்னால் போய்விடும். இதை முறையாக ஆராய்ந்தவர்களில் ஒலிக்கருவி நிறுவனமான ஹார்மனின் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் முக்கியமானவர்கள். 2013-ஐ ஒட்டி அவர்கள் வெளியிடத் தொடங்கிய ஆய்வுகளின் சாரம்: நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் கேட்பதுபோன்ற ஒலியைத்தான், அதாவது தாழ்பேஸ் எனப்படும் மிகத் தாழ்ந்த ஒலிகள் கொஞ்சம் கூடுதலாகவும் மேலே போகப்போக மெல்லச் சரிந்தும் வரும் ஒலியைத்தான், பெரும்பாலோர் விரும்புகிறார்கள். இது சராசரி மனிதரைப் பற்றிய பேச்சு என்பதை மறக்க வேண்டாம். பேஸ் இன்னும் வேண்டும் என்பவரும் உண்டு, குறைந்தால் போதும் என்பவரும் உண்டு. தொடங்குவதற்கு அது நல்ல இடம், வேதவாக்கு இல்லை.

விலையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2017-இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை எடுத்து விலையோடு ஒப்பிட்டார். அதிர்வெண் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பு தென்படவில்லை. ஒரு கட்டம் தாண்டினால் காசு போவது உலோக வேலைப்பாட்டுக்கும் பெட்டிக்கும் பெயருக்கும்தான், சில நேரம் நிஜமான நுணுக்கத்துக்கும். நடுத்தர விலையில் நிற்பதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை.

சரி, முதல் முடிவு எது? பிராண்ட் இல்லை. திறந்ததா மூடியதா என்பதுதான். ஓப்பன்-பேக் எனப்படும் திறந்த வகையில் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வலைபோல் இருக்கும், காற்றும் ஒலியும் இருபுறமும் போய்வரும். சென்ஹைசர் நிறுவனம் 1968-இல் ஹெச்டி 414 மூலம் இந்த வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூடிய கிண்ணத்துக்குள் ஒலி முட்டித் திரும்புவதால் வரும் பெட்டித்தனம் இதில் குறைவு, பாட்டு தலைக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் கொஞ்சம் வெளியே விரியும், காது வேர்க்காது. நீங்கள் சொல்லும் மூன்று மணி நேரத்துக்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும். குறைகள் இரண்டு. மின்விசிறிச் சத்தம் முதல் தெருச்சத்தம் வரை எல்லாம் உள்ளே வரும். நீங்கள் கேட்பது அதே அறையில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். சன்னமாகத்தான் கேட்கும், ஆனால் தூக்கம் கெடும் அளவுக்குக் கேட்கும். உங்கள் கேள்வியில் இல்லாத ஒரே விவரம் இதுதான்: இரவில் அந்த அறையில் வேறு யாராவது தூங்குகிறார்களா? தூங்கினால் மூடியதை எடுங்கள், விவாதமே வேண்டாம். தனி அறை என்றால் திறந்ததுதான் என் தேர்வு.

இரண்டாவது, பொருத்தம். இதை எல்லோரும் சௌகரிய விஷயமாக மட்டும் பார்க்கிறார்கள், ஆனால் அது ஒலி விஷயமும்கூட. மூடிய வகையில் இயர் பேட் எனப்படும் காது மெத்தை கன்னத்தோடும் காதைச் சுற்றியும் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். சிறு ஓட்டை இருந்தாலும் தாழ்பேஸ் அந்த வழியே ஓடிவிடும். அந்த ஓட்டையைப் போடுவதில் கண்ணாடிக் காதுப்பிடியைப்போல் கைதேர்ந்தது வேறில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் மூடிய வகையில் ஒன்று வாங்கினேன். எல்லோரும் அதன் பேஸைப் புகழ்ந்தார்கள், எனக்கு மட்டும் தகர டப்பா. பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பினேன், மாற்றாக வந்ததும் அப்படியே. நிறுவனத்துக்குக் காட்டமாக ஒரு கடிதமும் எழுதிவைத்தேன். ஒரு நாள் கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினேன், பேஸ் கிட்டார் அறைக்குள் நுழைந்தது! கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஆகவே நீங்கள் எதைக் கேட்டுப் பார்த்தாலும் கண்ணாடியோடு கேளுங்கள், பிறகு கழற்றிவிட்டு அதே வரியைக் கேளுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அந்த மாடல் உங்களுக்கு இல்லை. வெல்வெட் போன்ற துணிப் பேட் மெத்தென்று அமுங்கிக் கொடுக்கும், கண்ணாடிக்கு நல்லது. செயற்கைத் தோல் பேட் ஒலியை இறுக்கமாக அடைக்கும், ஆனால் வேர்க்கும், சில வருடத்தில் செதில் செதிலாக உதிரும். திறந்த வகையில் கண்ணாடியால் வரும் இழப்பு பொதுவாகக் குறைவு. இறுக்கத்தையும் பாருங்கள். சென்ஹைசர் ஹெச்டி 600 எடை 260 கிராம்தான், புதிதில் அது தலையைப் பிடிக்கும் பிடியில் கண்ணாடிக்காரர்களுக்கு நெற்றிப்பொட்டு வலிக்கும். வாங்கிய புதிதில் சில இரவுகள் புத்தக அடுக்கின் மேல் லேசாக விரித்து மாட்டிவைத்தால் தளரும்.

இனி பெயர்கள். திறந்த வகையில் 1997 முதல் சந்தையில் இருக்கும் ஹெச்டி 600 இன்றும் குரலுக்கும் வயலினுக்கும் வீணைக்கும் நான் நம்பும் கருவி. மிட் எனப்படும் நடு அதிர்வெண் பகுதி அவ்வளவு நேர்மை. அதன் பலவீனமும் ஊரறிந்தது: 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரிந்துவிடும். சிம்பொனியின் டபுள் பேஸ் வாத்தியம் தாழ்ந்தால் பொதுவாக 41 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தியும் அதேதான். இவற்றின் அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல்சுரங்கள் தெளிவாகக் கேட்பதால் குறை அதிகம் தெரியாது. ஆனால் எலெக்ட்ரானிக் இசையில் 30, 40 ஹெர்ட்ஸில் தனியாக நிற்கும் சப்-பேஸ் பாதி காணாமல் போகும். ஹெச்டி 650 அதன் தம்பி, கொஞ்சம் கதகதப்பு கூடுதல், பழைய பதிவுகளிடம் இன்னும் கருணை காட்டும். ஹெச்டி 560எஸ் விலையில் இவற்றுக்குக் கீழே, தாழ்பேஸ் இன்னும் ஆழம் போகும், மேல்பகுதி கொஞ்சம் பளிச். உங்கள் பட்டியலைப் பார்த்தால் நான் முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வது இதைத்தான். ஹைஃபைமேன் சுந்தரா (Sundara) பிளேனர் வகை. அதில் மெல்லிய தட்டையான படலம் காந்தப்புலத்தில் மொத்தமாக அசையும், தாழ்பேஸ் சரியாமல் நேராகப் போகும், எடை கூடும். மூடிய வகையில் பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோ கண்ணாடிக்காரருக்குச் சொர்க்கம், அதன் 80, 250 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு) பதிப்புகளில் துணிப் பேட். ஆனால் பேஸும், ட்ரெபிள் எனப்படும் மேல்பகுதியும் தூக்கல், ‘ஸ’ குத்தும். சோனி எம்டிஆர்-7506 1991-இலிருந்து ஸ்டுடியோக்களில் உழைக்கிறது. பிசிறு கண்டுபிடிக்க அருமை, சாய்ந்து உட்கார்ந்து ரசிப்பதற்கு எனக்குச் சரிவராது. ஏகேஜி கே371 காகிதத்தில் இந்த வகையிலேயே மிகச் சமநிலையானது, மேலே சொன்ன ஹார்மன் ஆய்வு காட்டும் இலக்குக் கோட்டை நெருங்கி வரும். கண்ணாடியோடு அதன் பேட் சிலர் தலையில் சரியாகப் படிவதில்லை, அப்போது அந்தச் சமநிலை காகிதத்திலேயே தங்கிவிடும்.

ஆம்ப், அதாவது ஹெட்ஃபோனுக்குப் போகும் மின்சைகையைப் பெருக்கும் தனிக் கருவி, வாங்க வேண்டுமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஓம் எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். 300 ஓம் என்றால் போன் தாங்காது என்று ஒரு நம்பிக்கை. ஓம் மட்டும் பார்த்தால் விடை வராது, உணர்திறனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஹெச்டி 600-க்கு நிறுவனம் சொல்லும் உணர்திறன், 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல். போனில் செருகும் சிறு யூஎஸ்பி-சி அடாப்டர்களில் நல்லவை 1 வோல்ட் தரும். இது உச்ச அளவு. ஒரு சிம்பொனிப் பதிவின் சராசரி ஒலி உச்சத்துக்கு ஏறக்குறைய 20 டெசிபல் கீழே இருக்கும் என்று வைத்துக்கொண்டால் காதில் விழும் சராசரி 77 டெசிபல். வீட்டில் இரவில் அது போதும் என்பது மட்டுமில்லை, கொஞ்சம் அதிகமே. இன்றைய பாட்டுகள் இறுக்கி அமுக்கப்பட்டவை, அவற்றில் சராசரி இன்னும் மேலே நிற்கும். 120 ஓம் ஹெச்டி 560எஸ்ஸின் உணர்திறன் 1 வோல்ட்டுக்கு 110 டெசிபல், அதற்குக் கவலையே இல்லை. எனவே முதலில் ஆம்ப் வாங்காதீர்கள். வால்யூமை முழுக்க வைத்தும் நீங்கள் கேட்கும் மெல்லிய பதிவு எட்டவில்லை என்றால், அல்லது லேப்டாப்பின் துளையில் இரைச்சலும் கரகரப்பும் வந்தால், அப்போது யோசிக்கலாம். ஆம்ப் போட்டதும் மேடை விரிந்தது, திரை விலகியது என்று எழுதுபவர்களில் பலர் கேட்டது, இரண்டு டெசிபல் கூடுதல் சத்தத்தை.

அந்த இரண்டு டெசிபல் எல்லா ஒப்பீட்டையும் கெடுக்கும் எதிரி. உரக்க இருப்பது நன்றாக இருப்பதுபோல் தோன்றும், அதுவும் பேஸில். காது மெல்லிய சத்தத்தில் தாழ்ந்த அதிர்வெண்களை மோசமாகக் கேட்கிறது என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். உங்களுக்கு இதில் நேரடியான பாடம் உண்டு: நீங்கள் இரவில் அடக்கமாகக் கேட்பவர், ஆகவே ஸ்டுடியோ மட்டத்தில் சரியாக இருக்கும் பேஸ் உங்களுக்கு மெலிந்துதான் தெரியும். இலக்குக் கோட்டைவிடச் சிறிது கூடுதல் பேஸ் உங்களுக்குக் குற்றமில்லை. இரண்டு ஹெட்ஃபோனை ஒப்பிடும்போது ஒரே குரல் வரியைப் போட்டு, இரண்டிலும் குரல் ஒரே உரப்பில் வரும்படி வால்யூமைத் திருத்திய பிறகே மற்றதைக் கவனியுங்கள்.

கேட்டுப் பார்க்க எதைப் போடுவது? உங்கள் நூலகத்தில் பிரமாதமாகப் பதிவான பாட்டை விட்டுவிடுங்கள், அது எதிலும் நன்றாகத்தான் இருக்கும். உங்களுக்கு உயிரான, ஆனால் பதிவு மோசமான ஒன்றை எடுங்கள். மோனோவில், இரைச்சலோடு, குரல் கொஞ்சம் கிறீச்சிடும் பழைய பாட்டு. அதை இருபது நிமிடம் சிரமமில்லாமல் கேட்க முடிகிறதா? பிறகு நாதஸ்வரம். 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸில் ஒரு கருவி வரம்பு மீறினால் நாதஸ்வரம் உடனே காட்டிக்கொடுக்கும், முகம் சுளிக்கும். அடுத்து நிறைய வாத்தியங்கள் ஒன்றாக எழும் சிம்பொனி உச்சம், கடைசியாக எலெக்ட்ரானிக். 1960-களின் ஸ்டீரியோப் பதிவுகள் சிலவற்றில் குரல் ஒரு காதிலும் வாத்தியம் மறு காதிலுமாகப் பிரிந்து கிடக்கும், தலைவலி வரும். அது ஹெட்ஃபோனின் பிழை இல்லை. இரு பக்கத்தையும் சிறிது கலக்கும் கிராஸ்ஃபீட் வசதி பல பிளேயர்களில் உண்டு, அதைப் போடுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை நான் உறுதியாகச் சொல்கிறேன். இப்போது சொல்வது அப்படி இல்லை. 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே எந்த அதிர்வெண் வரைபடமும் உங்கள் காதில் என்ன விழும் என்று சொல்லாது. காதுமடலின் மடிப்பும் குழாயின் நீளமும் ஆளுக்கு ஆள் வேறு, அங்கே ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலும் மேடு பள்ளம் மாறும். எனக்குக் குத்தும் டிடி 770 உங்களுக்குக் குத்தாமலும் போகலாம். நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி மாறும் என்கிறார்கள். பேட் அமுங்குவதால் ஒரு சிறு மாற்றம் நிஜம், மீதியில் பெரும்பங்கு நம் காது பழகுவது என்பது என் எண்ணம். மேடை அகலம், பிரித்தறியும் திறன் என்று விமர்சனங்களில் வரும் சொற்கள் எதையோ குறிக்கின்றன என்று நானும் உணர்கிறேன், ஆனால் இரண்டு பேர் அவற்றை ஒரே பொருளில் சொல்லி நான் கேட்டதில்லை. உயர்தர இசைக் கோப்பு விஷயத்திலும் ஒரே பதில் இல்லை. மேயர், மோரன் இருவரும் 2007-இல் வெளியிட்ட சோதனையில், சிடி தரத்துக்கு மேலானதைக் கேட்பவர்களால் அடையாளம் காண முடியவில்லை. 2016-இல் ஜோஷுவா ரைஸ் பல சோதனைகளைத் தொகுத்து, சிறிதளவு வேறுபாடு தெரிகிறது என்றார். எப்படியானாலும் இயர் பேட் சரியாகப் படியாததால் போகும் ஒலிக்கு முன் இதெல்லாம் தூசு. விலையுயர்ந்த கேபிளைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

வயர்லெஸ் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ப்ளூடூத்தின் ஒலிச் சுருக்கம் இன்று பெரிய குறை இல்லை. ஆனால் அதே விலைக்குத் தயாரிப்பாளர்கள் பேட்டரி, மைக், இரைச்சல் நீக்கம் எல்லாம் சேர்த்துத் தர வேண்டும், பேட்டரி சில வருடத்தில் தளரும். ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்பவருக்குக் கம்பியால் என்ன தொந்தரவு?

வாங்கிய பிறகும் ஒரு வழி திறந்திருக்கிறது, அதை நிறையப் பேர் மதிப்பதில்லை: ஈக்யூ, அதாவது அதிர்வெண்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம், போனிலும் இதுபோன்ற ஆப்கள் உண்டு. ஹெச்டி 560எஸ் போன்ற ஒன்றில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு 3 டெசிபல் தூக்கி, மேல்பகுதியில் உறுத்தும் இடத்தை ஒரு 2 டெசிபல் இறக்கினால், எலெக்ட்ரானிக்குக்குத் தனி ஹெட்ஃபோன் என்ற யோசனையே போய்விடும். எவ்வளவு தூக்குகிறீர்களோ அவ்வளவுக்கு மொத்த வால்யூமை அதே மென்பொருளில் முன்கூட்டியே இறக்குங்கள், இல்லாவிட்டால் உச்சங்கள் முறியும். 8,000-க்கு மேலே கை வைக்கும்போது யாரோ போட்டுத்தந்த எண்களை அப்படியே நம்பாமல் உங்கள் காதைக் கேட்டுச் செய்யுங்கள். தூக்குவதைவிட இறக்குவது எப்போதும் பத்திரம்.

மூன்று மணி நேரம் என்கிறீர்களே, அதனால் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபலில். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். மேலே போட்ட கணக்கில் வந்த 77 டெசிபலில் தினமும் மூன்று மணி நேரம் பயமில்லாமல் கேட்கலாம். ஆனால் ஓப்பன்-பேக்கில் மின்விசிறிச் சத்தத்தை அமுக்குவதற்காக வால்யூமை ஏற்றிக்கொண்டே போகும் பழக்கம் வந்தால் அந்தக் கணக்கு உடையும். அப்படி ஏற்றுவதை நீங்களே கவனித்தீர்கள் என்றால், தனி அறையாக இருந்தாலும் மூடிய வகைக்கே போங்கள். அப்போது டிடி 770-ஐ 80 ஓம் பதிப்பில் எடுத்து, ட்ரெபிளை ஈக்யூவில் இறக்கிக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் அதற்கு மாற்று இயர் பேட் கிடைக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், ஒலி எழுப்பும் டிரைவர் பழுதாவதற்கு வெகுகாலம் முன்பே பேட்தான் நைந்துபோகும்.